அமெரிக்கக் கால்பந்தின் எக்காலத்துக்குமான அணி: கேள்வி பதில்

1920-இல் வேறொரு பெயரில் தொடங்கி, 1922-இல் என்.எஃப்.எல். என்று பெயர் மாறிய அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஆடி ஓய்வுபெற்றவர்களிலிருந்து ஒரே ஓர் அணியைத் தேர்ந்தெடுத்துச் சென்ற வாரம் பட்டியலிட்டிருந்தேன். பந்து நம்மிடம் இருக்கும்போது ஆடும் பதினொருவர்: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி, அவருக்குப் பின்னால் ஜிம் பிரவுன், மேரியன் மோட்லி, எறியும் பந்தைப் பிடிக்க ஜெர்ரி ரைஸ், டான் ஹட்சன், டோனி கொன்சாலஸ், முன்வரிசையில் அந்தோணி முன்யோஸ், ஜான் ஹானா, மைக் வெப்ஸ்டர், ஜிம் பார்க்கர், ஃபாரஸ்ட் கிரெக். பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஆடும் பதினொருவர்: முன்வரிசையில் ரெஜி ஒயிட், ஜோ கிரீன், பாப் லில்லி, டீக்கன் ஜோன்ஸ், அதற்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களாக லாரன்ஸ் டெய்லர், டிக் பட்கஸ், ஜாக் ஹாம், பின்வரிசையில் டிக் லேன், டியான் சாண்டர்ஸ், ரானி லாட், எட் ரீட். பயிற்சியாளர் பால் பிரவுன். இதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 1950-களின் வீரரையும் 2010-களின் வீரரையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறீர்கள்? அன்றைய முன்வரிசை வீரர்களைவிட இன்றுள்ளவர்கள் ஐம்பது பவுண்டுக்கு மேல் எடை கூடியவர்கள் அல்லவா?

பதில்: உடல் எடையையும் வேகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டால் கேள்வியே முடிந்துவிடும், இன்றைய சாதாரண வீரர்கூட அன்றைய சிறந்த வீரரைத் தள்ளிவிடுவார், பட்டியல் முழுவதும் கடந்த பத்தாண்டுகளின் பெயர்களாகவே இருக்கும். ஆகவே பழைய வீரர் இன்று பிறந்து, இன்றைய உணவும் பயிற்சியும் பெற்று வளர்ந்திருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். மொத்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை. 1947 முதல் 1960 வரை ஒரு பருவத்துக்கு 12 ஆட்டங்கள், 1961 முதல் 14, 1978 முதல் 16, 2021 முதல் 17 என்று ஆட்டங்கள் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. எனவே பந்தோடு முன்னேறிய மொத்த யார்டுகளை மட்டும் பார்த்தால் பின்னால் வந்தவருக்கே சாதகமாக இருக்கும். நான் பார்ப்பது, ஒருவர் தம்முடன் அதே ஆண்டில், அதே விதிகளின்கீழ் ஆடியவர்களைவிட எவ்வளவு தூரம் மேலே நின்றார் என்பதைத்தான்.

ஜிம் பிரவுனை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 முதல் 1965 வரை ஒன்பது பருவங்கள் மட்டுமே ஆடினார். அவற்றில் எட்டில் பந்தைச் சுமந்து ஓடியதில் லீக்கிலேயே முதலிடம் அவருக்குத்தான். எம்மிட் ஸ்மித் பதினைந்து பருவங்களில் 18,355 யார்டு ஓடினார், பிரவுனின் கணக்கோ 12,312 யார்டு. ஆனால் அதை அவர் 118 ஆட்டங்களில், ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல், ஆட்டத்துக்கு 104.3 யார்டு என்ற சராசரியில் எட்டினார் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது யார் மேலே நிற்கிறார் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கேள்வி: லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நான்கு முறை ஆடி நான்கையும் வென்ற குவார்ட்டர்பேக் ஜோ மான்டானாவை விட்டுவிட்டு, தோல்விகளும் கண்ட பிரேடியை எப்படி எடுத்தீர்கள்?

பதில்: இந்த ஒரு இடத்துக்குத்தான் நான் அதிக நாள் யோசித்தேன். நான்கு சூப்பர் பவுல்களில் மான்டானா 11 டச் டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறும் எறிவுகள்) எறிந்தார், ஒரு பந்தைக்கூட எதிரணி பறிக்கவில்லை. பெரிய ஆட்டத்தில் அவ்வளவு பிழையின்றி ஆடிய இன்னொருவரை எனக்குத் தெரியாது. பிரேடியின் நீண்ட ஆயுளை அவருக்கு எதிராக வைக்கும்போது நியாயமாகவும் இருக்க வேண்டும். மான்டானா 1991 ஜனவரியில் ஜயண்ட்ஸ் அணியுடனான ஆட்டத்தில் வாங்கிய அடியால் ஏறத்தாழ இரண்டு பருவங்களை இழந்தார். பிரேடிக்கு 2008-இன் முதல் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தபோதோ, அடுத்த ஆண்டே குவார்ட்டர்பேக்கின் கால்களைத் தாக்குவதற்கு எதிரான விதி கடுமையாக்கப்பட்டது. பாதுகாப்பு கூடிய காலத்தில் ஆடியது பிரேடியின் நல்வாய்ப்பு என்பதை மறுக்க முடியாது.

ஆனாலும் நான் பிரேடியைத் தேர்ந்தெடுப்பது ஏழு பட்டங்கள் என்ற எண்ணிக்கைக்காக மட்டும் அல்ல. அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் 199-ஆவதாக எடுக்கப்பட்டவர், 2001-இல் தற்காப்பை நம்பியிருந்த அணியை அடக்கமாக நடத்திச் சென்று வென்றார். 2007-இல் 50 டச் டவுன் பாஸ்கள் எறிந்தார். 2017 பிப்ரவரியில் அட்லாண்டாவுக்கு எதிராக 28-3 என்று பின்தங்கியிருந்து 34-28 என்று வென்றார். 43 வயதில் வேறோர் ஊரில், வேறொரு பயிற்சியாளரிடம், டாம்பா பே அணிக்காக மீண்டும் வென்றார். பல காலத்தவர்களைக் கலந்து அமைக்கும் ஓர் அணிக்கு, தன்னைச் சுற்றியிருப்பவர்களுக்கு ஏற்பத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்பவர்தான் வேண்டும்.

கேள்வி: வால்ட்டர் பேட்டன், பேரி சாண்டர்ஸ் இருவரையும் விட்டுவிட்டுப் பலர் கேள்விப்படாத மேரியன் மோட்லியைச் சேர்த்திருக்கிறீர்களே?

பதில்: அணி என்பது பெயர்களின் தொகுப்பு அல்ல, வேலைகளின் பங்கீடு. ஜிம் பிரவுன் பந்தைச் சுமப்பார். எதிராளியை மறித்து நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பதில் அவருக்கு ஆர்வம் குறைவு. ஆகவே பக்கத்தில் நிற்பவர் அந்த வேலையைச் செய்பவராக இருக்க வேண்டும். 1946 முதல் கிளீவ்லேண்டில் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரகாமுக்குக் காவலாக நின்றவர் மோட்லி. பாய்ந்து வரும் எதிராளியை நின்ற இடத்திலேயே நிறுத்தக்கூடிய உடல் அவருக்கு இருந்தது. பந்தைக் கொடுத்தாலோ, ஓட்டத்துக்குச் சராசரியாக 5.7 யார்டு முன்னேறினார். 1950-இல் 810 யார்டுடன் லீக்கில் முதலிடம் பெற்றார். பேட்டன் ஓடவும் பிடிக்கவும் மறிக்கவும் ஒருங்கே வல்லவர் என்பதால் மாற்று வீரர்களில் முதல் பெயர் அவருடையது. பேரி சாண்டர்ஸின் ஓட்டத்தைப் போல் கண்ணுக்கு விருந்தளித்தது வேறில்லை. ஆனால் பல தடவை அவர் பின்னோக்கி யார்டு இழந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: முன்வரிசை வீரர்களுக்குப் புள்ளிவிவரமே இல்லையே, அவர்களை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்?

பதில்: அவர்கள் யாரைக் காத்தார்கள், எவ்வளவு காலம் காத்தார்கள், எதிராளிகள் அவர்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை வைத்துத்தான். ஜிம் பார்க்கர் காத்தது குவார்ட்டர்பேக் ஜானி யுனைட்டஸை. முழு நேர முன்வரிசைத் தாக்குதல் வீரராக மட்டும் ஆடிப் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல்வர் அவரே. இங்கே ஒரு விதியை நினைவில் வைக்க வேண்டும். 1978-க்கு முன்பு முன்வரிசை வீரர் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்து எதிராளியைத் தள்ளக் கூடாது. கைகளை மார்போடு ஒட்டியே வைத்திருக்க வேண்டும். எதிரில் நின்ற டீக்கன் ஜோன்ஸ் போன்றவர்களோ தலைக்கவசத்தின் பக்கவாட்டில் திறந்த கையால் அறைந்துவிட்டு உள்ளே புகுந்தார்கள். அது 1977-இல்தான் தடைசெய்யப்பட்டது. அந்த நிலையில் பார்க்கரும் கிரெக்கும் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள் என்பதே எனக்குப் போதுமான சான்று. முன்யோஸ் புதிய விதியின்கீழ் ஆடியவர் என்றாலும், இடது ஓரத்தில் அவருக்கு நிகரானவரை நான் கண்டதில்லை.

கேள்வி: பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃப் ஆட்டம் ஒன்றில்கூட டிக் பட்கஸ் ஆடியதில்லை. பட்டம் வெல்லாதவர் எக்காலத்துக்குமான அணியில் இருக்கலாமா?

பதில்: இருக்கலாம், இருக்கவும் வேண்டும். 1965 முதல் 1973 வரை சிகாகோ பேர்ஸ் பலவீனமான அணியாக இருந்தது அவர் குற்றம் அல்ல. பதினொருவர் சேர்ந்து பெறும் பட்டத்தை ஒரே ஒருவரின் தகுதிக்கு அளவுகோலாக்கினால், குவார்ட்டர்பேக்கைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் தவறான ஆட்களையே எடுப்போம். நடுக்களத்தில் பட்கஸ், ஓரத்தில் 1986-இல் 20.5 சாக்குகளுடன் (பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையே பெற்ற லாரன்ஸ் டெய்லர், மறு ஓரத்தில் பாஸ்களைத் தடுப்பதில் நுட்பமான ஜாக் ஹாம் என்று மூவரும் ஒருவருக்கொருவர் இட்டு நிரப்புகிறார்கள்.

கேள்வி: தற்காப்பு வீரர் ஆரன் டொனால்ட், குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் இருவரும் ஏன் இல்லை?

பதில்: மஹோம்ஸ் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார், எனவே என் வரம்புக்குள் வரமாட்டார். சிறந்த தற்காப்பு வீரர் விருதை மூன்று முறை வென்ற டொனால்ட், லில்லிக்கு அடுத்தபடி நிற்கிறார். அவர்களுக்கிடையே இடைவெளி மிகக் குறைவு.

கேள்வி: கற்பனை அணியை விடுங்கள். உண்மையில் களமிறங்கிய அணிகளில் ஒரே பருவத்தில் மிகச் சிறந்தது எது? 1972-இன் மியாமி டால்ஃபின்ஸ்தானே?

பதில்: தோல்வியே இல்லாமல் 17 ஆட்டங்களையும் வென்று பட்டமும் பெற்ற ஒரே அணி அதுதான். ஐந்தாவது ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி கால் முறிந்து வெளியேற, 38 வயது ஏர்ல் மாரல் வந்து நடத்தியும் அந்த அணி தடுமாறவில்லை. ஆனால் அந்த ஆண்டு அவர்கள் சந்தித்த எதிரணிகள் வலுவானவை அல்ல என்பதால் எனக்கு அது மூன்றாவது இடம்தான். 1985-இன் சிகாகோ பேர்ஸ் மூன்று பிளே ஆஃப் ஆட்டங்களில் 91 புள்ளிகள் எடுத்து வெறும் 10 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. தற்காப்பை மட்டும் பார்த்தால் அதற்கு மேல் ஓர் அணி இல்லை. நான் முதலிடம் தருவது 1989-இன் சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸுக்கு. அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்ற இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தே ஐந்து புள்ளிகள்தான் வித்தியாசம். பிளே ஆஃப் மூன்று ஆட்டங்களில் 126-26. இறுதியில் டென்வரை 55-10 என்று வீழ்த்தினார்கள். பந்து யாரிடம் இருந்தாலும் ஆட்டம் அவர்கள் கையில் இருந்தது.

கேள்வி: உதைப்பவர்களைப் பட்டியலில் காணோமே?

பதில்: விட்டுப்போனது என் தவறு. கோல் உதைக்க ஆடம் வினாட்டியேரி, பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்து அனுப்பும் பன்ட்டராக ரே கை, பந்தைத் திருப்பி ஓட டெவின் ஹெஸ்டர்.

கேள்வி: தம் காலத்தவரோடு ஒப்பிடுவதே அளவுகோல் என்கிறீர்கள். டான் ஹட்சன் ஆடிய காலத்தில் கறுப்பின வீரர்கள் லீக்கில் அனுமதிக்கப்படவே இல்லை. அப்படியானால் அவர் யாரைவிட மேலே நின்றார்?

பதில்: இந்தக் கேள்வி என் அளவுகோலின் அடித்தளத்தையே தொடுகிறது. அதனால்தான் இதைக் கடைசியாக வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன்.

தொடக்க ஆண்டுகளில் ஃபிரிட்ஸ் பாலார்ட் போன்ற கறுப்பின வீரர்கள் லீக்கில் ஆடியிருக்கிறார்கள். 1934 முதல் 1945 வரை ஒருவர்கூட இல்லை. ஹட்சன் கிரீன் பே அணிக்காக ஆடியது 1935 முதல் 1945 வரை. ஏறத்தாழ முழுமையாக அந்தக் கதவு சாத்தப்பட்டிருந்த காலம் அது. அவர் 99 டச் டவுன் பந்துகளைப் பிடித்தார், அந்தச் சாதனை 1989 வரை நின்றது. 1942-இல் 11 ஆட்டங்களில் 74 பந்துகள், 1,211 யார்டு, 17 டச் டவுன். பந்தைப் பிடிக்க ஓடும் பாதைகளை ஒரு கலையாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இதெல்லாம் உண்மை.

அதே காலத்தில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் கென்னி வாஷிங்டன் ஆடினார். 1939-இல் ஓடியும் எறிந்தும் முன்னேறிய மொத்த யார்டுகளில் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரை என்.எஃப்.எல். அணி எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை. 1946-இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தபோது, பொதுப்பணத்தில் கட்டப்பட்ட கொலிசியம் அரங்கில் கறுப்பர்களை விலக்கும் அணி ஆடக் கூடாது என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் வற்புறுத்திய பிறகே அவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அப்போது அவருடைய முழங்கால்கள் ஏற்கெனவே பாழாகியிருந்தன. அந்த நிலையிலும் 1947-இல் ஓட்டத்துக்கு 7.4 யார்டு என்ற சராசரியோடு லீக்கில் முதலிடம் பெற்றார். அதே 1946-இல் என்.எஃப்.எல்.-க்குப் போட்டியாக நடந்த இன்னொரு லீக்கில் பால் பிரவுன் பில் வில்லிஸையும் மோட்லியையும் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டு மியாமியில் நடந்த ஆட்டத்துக்கு இனவெறி மிரட்டலால் இருவரையும் அழைத்துச் செல்ல முடியவில்லை. டிக் லேன் 1952-இல் தம் பழைய ஆட்டங்களைப் பற்றிய செய்தித் துணுக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டு ராம்ஸ் அலுவலகத்துக்குள் போய் வாய்ப்புக் கேட்டார்; அந்த முதல் பருவத்திலேயே 12 ஆட்டங்களில் எதிரணியின் 14 பாஸ்களைப் பறித்தார். அந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. லேன் போன்ற ஒருவர் 1942-இல் ஹட்சனுக்கு எதிரே நின்றிருந்தால் அந்த 17 டச் டவுன்கள் எத்தனையாகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கதவைச் சாத்தியது ஹட்சன் அல்ல. அவரை நான் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் சமகாலத்தவரோடு ஒப்பிடுவதென்றால், அந்தச் சமகாலத்தவர்கள் களத்துக்குள் வர அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே பட்டியலைத் திருத்துகிறேன். ஹட்சன் மாற்று வீரராக இருப்பார். அவர் இடத்துக்கு ரேண்டி மாஸ் வருகிறார். ரைஸ் குறுகிய பாதைகளில் துல்லியமாக ஓடிப் பந்தைப் பிடித்த பின்னும் முன்னேறுபவர். மாஸ் தம் வேகத்தால் எதிரணியின் பின்வரிசையைப் பின்னுக்கு இழுத்து அவருக்கு இடம் திறந்துகொடுப்பார். மேலும் 2007-இல் மாஸ் பிடித்த 23 டச் டவுன் பந்துகள் எல்லாவற்றையும் எறிந்தவர் பிரேடிதான். அவ்விருவருக்கும் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.