ஈஃபெல் டவர் டிக்கெட்: எங்க வாங்குறது, எதுக்கு காசு குடுக்குறோம்?

கேள்வி: வணக்கம் அக்கா. மே மாசம் குடும்பத்தோட பாரிஸ் போறோம். நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க (10 வயசு, 3 வயசு), கூட மாமியார். ஈஃபெல் டவர் உச்சிக்கு ஏறியே ஆகணும்னு பெரியவன் ஒத்தக்கால்ல நிக்கிறான். நெட்ல தேடினா ஒரு சைட்ல தலைக்கு 89 யூரோ, இன்னொன்னுல 65, வேற ஒன்னுல 45. எல்லாத்துலயும் க்யூ இல்லாம நேரா உள்ள போலாம்னு போட்டிருக்கு. எதை நம்பி வாங்குறது?

பதில்: நீங்க பார்த்த மூணுமே டவரை நடத்துறவங்களோட சைட்டா இருக்காதுன்னு அந்த விலையைப் பார்த்தாலே தெரியுது. டவரோட சொந்த சைட் முகவரி டாட் காம்ல முடியாது, டூர்ஈஃபெல் டாட் பாரிஸ்னு முடியும், அதை முதல்ல மனசுல வச்சுக்கோங்க. தேடும்போது மேல வர்ற நாலஞ்சு ரிசல்ட் பெரும்பாலும் விளம்பரம்தான், அவங்க காசு கட்டி மேல வந்திருக்காங்க, அதனால மேல இருக்குறதுதான் ஒரிஜினல்னு நினைச்சு கிளிக் பண்ணிடாதீங்க. 2024 ஜூன்ல விலை ஏத்தினாங்க, அப்போ பெரியவங்களுக்கு லிஃப்ட்ல உச்சி வரைக்கும் 29.40 யூரோவா இருந்தது 35.30 ஆச்சு. அதுக்கப்புறமும் கொஞ்சம் கூடியிருக்கு, எவ்வளவுன்னு வாங்குற அன்னிக்கு அவங்க சைட்லயே பார்த்துக்கோங்க. ஆனா எப்படி ஏறினாலும் 89 பக்கத்துல கூட வராது.

பசங்க விஷயத்துல இன்னும் கவனமா இருங்க. சொந்த சைட்ல 4 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஃப்ரீ, 4ல இருந்து 11 வரைக்கும் ரொம்ப குறைச்சல், 12ல இருந்து 24 வரைக்கும் நடுத்தர விலை. வெளி சைட் சிலதுல பெரியவங்க, சின்னவங்க எல்லாருக்கும் ஒரே விலை போட்டுடுவாங்க, அங்கதான் குடும்பமா போறவங்களுக்கு பெரிய அடி. உங்க சின்னதுக்கு ஃப்ரீதான், ஆனா ஃப்ரீ டிக்கெட்டையும் சேர்த்து புக் பண்ணணும், அதை மறந்துடாதீங்க.

இப்போ அந்த "க்யூ இல்லாம" கதை. இதைப் பத்தி எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். டவர்ல மூணு இடத்துல நிக்க வேண்டி வரும்: அடியில கண்ணாடிச் சுவருக்கு வெளிய செக்யூரிட்டி, அப்புறம் டிக்கெட் கவுன்ட்டர், அப்புறம் லிஃப்ட்டுக்கு முன்னாடி இன்னொரு செக்கிங். செக்யூரிட்டியை எவ்வளவு காசு குடுத்தாலும் தாண்ட முடியாது, எல்லாருக்கும் உண்டு. கவுன்ட்டர் க்யூவை மட்டும்தான் தாண்ட முடியும், அதை சொந்த சைட்ல நேரம் போட்டு வாங்குற சாதாரண டிக்கெட்டே செஞ்சுடும். அப்போ அந்த எக்ஸ்ட்ரா 50 யூரோ எதுக்கு? வெளி சைட்காரங்ககிட்டயே கேளுங்க, கைடு கூட வர்றாரா, எந்த மாடி வரைக்கும், மீட்டிங் பாயின்ட் எங்க, கேன்சல் பண்ணா என்ன திரும்ப வரும். கைடு முழுசா கூட வந்து கதை சொல்லி கூட்டிட்டு போறார்னா அது ஒரு சேவை, விலை குடுக்கலாம். டிக்கெட்டை கையில குடுத்து லிஃப்ட் வாசல்ல விட்டுட்டு போறார்னா அதுக்கு ரெண்டு மடங்கு விலை அநியாயம்.

எந்த மாடின்னு பார்க்குறது ரொம்ப முக்கியம். முதல் மாடி 57 மீட்டர் உயரத்துல, ரெண்டாவது சுமார் 116ல, உச்சி 276ல. டவர் மொத்தமா 330 மீட்டர், 2022ல புது ஆன்டெனா வச்சதுக்கப்புறம். "ஈஃபெல் டவர் நுழைவு"ன்னு மொட்டையா எழுதியிருந்தா அது பெரும்பாலும் ரெண்டாவது மாடியோட முடிஞ்சிடும். இங்க ஏமாத்துறது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல, 1925ல விக்டர் லஸ்டிக்னு ஒருத்தன் அரசாங்க அதிகாரி மாதிரி நடிச்சு இந்த டவரையே பழைய இரும்புக்கு வித்துட்டான்!

கேள்வி: அக்கா, நீங்க சொன்ன சொந்த சைட்ல நாங்க போற நாள் முழுக்க லிஃப்ட் டிக்கெட் தீர்ந்துபோச்சு. மாமியாருக்கு முட்டி வலி, படி ஏற மாட்டாங்க. என்ன பண்றது?

பதில்: லிஃப்ட் டிக்கெட் சுமார் 60 நாளுக்கு முன்னாடி திறக்கும், மே, ஜூன், ஜூலை மாதிரி மாசங்கள்ல சீக்கிரமே போயிடும். தீர்ந்துபோச்சுன்னு பயந்து உடனே அந்த 89க்கு ஓடாதீங்க. அன்னிக்கு காலையில கவுன்ட்டர்லயும் டிக்கெட் விப்பாங்க, திறக்குறதுக்கு முன்னாடியே போய் நின்னா வாய்ப்பு இருக்கு, ஆனா 3 வயசு குழந்தையோட நிக்க முடியுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். பெரியவனும் வீட்டுக்காரரும் படி டிக்கெட் எடுக்கலாம், ரெண்டாவது மாடி வரைக்கும் 674 படி, லிஃப்ட்டை விட விலை நல்லா குறைச்சல், 10 வயசு பையன் குதிச்சுட்டே ஏறிடுவான். அங்க இருந்து உச்சிக்கு லிஃப்ட் மட்டும்தான், படியும் லிஃப்டும் சேர்ந்த டிக்கெட்னே தனியா இருக்கு, அதைத் தேடுங்க.

நீங்களும் மாமியாரும் சின்னதும் கீழ இருக்கீங்கன்னா நஷ்டம்னு நினைக்காதீங்க. டவருக்கு அடியில செக்யூரிட்டி தாண்டி நடக்க டிக்கெட்டே வேண்டாம், தலைக்கு மேல அந்த இரும்பு பின்னலை அண்ணாந்து பார்க்குறதுக்கே தனி அழகு. அப்புறம் கேலரீஸ் லாஃபாயெத்னு பெரிய கடை இருக்கு, அதோட மொட்டை மாடி எல்லாருக்கும் ஃப்ரீ, படி ஏறாம மேல போயிடலாம், அங்க இருந்து டவரும் சேர்ந்து ஊரே தெரியும். ஆர்க் த ட்ரியோம்ஃப்னு ஒரு பெரிய வெற்றி வளைவு இருக்கு, அது மேல இருந்து பார்க்குறது இன்னும் அருமை, ஆனா அதுல 284 படி, மாமியாருக்கு ஒத்து வராது. ராத்திரி இருட்டினதும் ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்துலயும் 5 நிமிஷம் டவர் முழுக்க மினுக்கும், அதை ஆத்துக்கு அந்தப் பக்கம் டவருக்கு நேர் எதிர்ல இருக்குற ட்ரோகாதேரோ சதுக்கத்துல நின்னு பார்க்க ஒரு காசும் வேண்டாம்.

ஸ்ட்ரோலர் கொண்டு போறீங்கன்னா மடக்குற மாதிரி இருக்கட்டும். பெரிய பெட்டியோட ஏர்போர்ட்ல இருந்து நேரா வந்துடாதீங்க, உள்ள விட மாட்டாங்க.

கேள்வி: நாங்க ஜெர்மனியில இருக்கோம் அக்கா. ஒரு வெளி சைட்ல உச்சி வரைக்கும்னு வாங்கினோம், அன்னிக்கு காத்து ஜாஸ்தின்னு உச்சியை மூடிட்டாங்க. சைட்காரங்க ரீஃபண்ட் கிடையாதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. ஆன்லைன்ல வாங்கினதை 14 நாளுக்குள்ள ரத்து பண்ற உரிமை இருக்குல்ல?

பதில்: அந்த 14 நாள் உரிமை இதுக்கு வராதும்மா. ஐரோப்பிய சட்டத்துலயே தேதி குறிச்ச பொழுதுபோக்கு டிக்கெட்டுக்கு விதிவிலக்கு இருக்கு. ஆனா உங்க கேஸ் ரத்து இல்ல, காசு வாங்கின சேவையை முழுசா தரல, அது வேற விஷயம். உச்சின்னு விளம்பரம் பண்ண பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட், கன்ஃபர்மேஷன் மெயில், அன்னிக்கு உச்சி மூடியிருந்ததுக்கு போட்டோ இதெல்லாம் எடுத்து வைங்க. அவங்க நிபந்தனையில "உச்சி மூடினா ரெண்டாவது மாடியோட சரி"ன்னு இருக்கான்னு படிங்க. இருந்தா கொஞ்சம் கஷ்டம். இல்லைன்னா வித்தியாசத் தொகையை எழுத்துல கேளுங்க, போன்ல பேசாதீங்க. கம்பெனி ஐரோப்பிய ஒன்றியத்துல வேற நாட்டுல இருந்தா, ஜெர்மனியில இருக்குற ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு புகார் குடுக்கலாம், ஃப்ரீயாவே பேசி பார்ப்பாங்க. கடைசியா கார்டு குடுத்த பேங்க்ல சார்ஜ்பேக் கேளுங்க, அதாவது கட்டின காசை கடைக்காரர்கிட்ட இருந்து திரும்ப வாங்கித் தரச் சொல்றது.

டவரே மூடினாலும் இதே சிக்கல் வரும். 2024 பிப்ரவரியில ஊழியர்கள் ஸ்ட்ரைக்ல ஆறு நாள் மூடிக் கிடந்துச்சு. அப்படி ஆகும்போது டவர்கிட்ட நேரா வாங்கினவங்களுக்கு டவர் பதில் சொல்லும், நடுவுல ஆள் வச்சு வாங்கினவங்க அந்த ஆளைத்தான் துரத்தணும். 10 யூரோ ஜாஸ்தி குறைச்சலை விட இதுதான் எனக்கு பெரிய காரணமா படுது.

கேள்வி: கார்டு தேய்க்கும்போது யூரோவா, நம்ம நாட்டு பணமான்னு மெஷின் கேக்குது. எதை அமுக்கணும்?

பதில்: யூரோ. எப்பவும் யூரோ. நம்ம பணத்துல காட்டுறது வசதியா தெரியும், ஆனா அந்த மாத்து விகிதத்தை போடுறது கடைக்காரரோட மெஷின் கம்பெனி, உங்க பேங்க் இல்ல, அதுல அவங்க லாபத்தையும் கூடுதலா சேர்த்துடுவாங்க. ஐரோப்பாவுல அந்த கூடுதல் எத்தனை சதவீதம்னு மெஷின் காட்டியே ஆகணும்னு விதி இருக்கு, அமுக்குறதுக்கு முன்னாடி அந்த சின்ன எழுத்தைப் படிங்க. ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும், அங்கயும் இதே பதில்தான்.

பர்ஸை பின் பாக்கெட்ல வைக்காதீங்க, டவர்கிட்ட பிக்பாக்கெட் தொல்லை தாங்காம 2015ல ஊழியர்களே வேலையை நிறுத்தி டவரை மூடினாங்க. மூணு கப்பை உருட்டி பந்து எங்கன்னு கேக்குறவங்க பக்கத்துல பசங்களை நிக்க விடாதீங்க, சுத்தி நின்னு ஜெயிக்கிற மாதிரி காட்டுறவங்களும் அவங்க ஆளுங்கதான்.