பச்சை உடம்புக்குத் தண்ணீர் கொடுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. முதல் பிரசவம். பனிக்குடம் உடைந்து, ஒரு நாள் முழுக்க வலி எடுத்த பிறகு, குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று அவசரமாக சிசேரியன் செய்தார்கள். இன்று 24-வது நாள். அம்மா வீட்டில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் வெந்நீருக்கு மேல் தருவதில்லை. குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், வயிறு தொங்கிவிடும் என்கிறார்கள். பருப்பும் கிடையாது. மலம் கழிக்கவே பயமாக இருக்கிறது. முதுகில் போட்ட ஊசியால் ஆயுசுக்கும் இடுப்புவலி இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. தையலுக்கு மேலே தொட்டால் உணர்ச்சி இல்லை. குழந்தை அழுதால் நானும் அழுகிறேன். ‘வலி தெரியாமப் பெத்துட்டா’ என்று மாமியார் வீட்டில் பேசும்போது எதையோ தோற்றுவிட்டது போல இருக்கிறது. எனக்கு என்னதான் ஆகிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மூன்று டம்ளர் என்பது ஏறத்தாழ 600 மில்லி. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை உங்களிடமிருந்து ஒரு நாளைக்கு 700, 750 மில்லி வரை எடுத்துக்கொள்ளும். ரசமும் குழம்பும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் வரவைவிடச் செலவு அதிகம். மலம் இறுகுவதற்கும், சிறுநீர் கடுப்பதற்கும், தலை கிறுகிறுப்பதற்கும் இது ஒன்றே போதும். இதைவிடப் பெரிய கவலை எனக்கு ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பிறகான ஆறு வாரங்களில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு இன்னும் கூடும். தண்ணீரும் இல்லாமல், நடமாட்டமும் இல்லாமல் படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து அதிகமாகும். ஆபரேஷன் அன்று சில மணி நேரம் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது உண்மைதான். மயக்க மருந்தின்போது வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது. அன்றோடு அந்தக் கட்டுப்பாடு முடிந்தது. தையலில் சீழ் பிடிப்பது கிருமியால். குடிக்கும் தண்ணீர் தையலுக்குப் போவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை குடியுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் இருக்கட்டும்.

பருப்புக்கும் இதேதான் பதில். அறுபட்ட சதை கூடுவதற்குப் புரதம் வேண்டும்; பருப்பு, முட்டை, பால், மீன் எல்லாம் அதைத்தான் தருகின்றன. நம் பத்தியச் சாப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுறாப்புட்டு, முருங்கைக்கீரை எல்லாமே நல்ல சாப்பாடு. அம்மா கையால் கிடைக்கும்போது நிறையச் சாப்பிடுங்கள். பத்தியத்தில் கொடுப்பவை எல்லாம் சரி, தடுப்பவைதான் தவறு. காய், பழம், பருப்பு மூன்றையும் விலக்கி வைத்தால் பிறகு மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. ஆபரேஷனில் இழந்த ரத்தம் திரும்புவதற்கு வேறு வழி குறைவு. தண்ணீரும் கீரையும் போதவில்லை என்றால், பால் கொடுப்பவர்களும் சாப்பிடக்கூடிய மலமிளக்கி சிரப் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். முக்கினால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் வருவதுதான், ஆனால் பிரியாது. ஒரு துண்டை மடித்துத் தையல் மீது வைத்து லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் அப்படியே.

வலி மாத்திரையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பாலில் போய்விடும் என்று நிறுத்தியிருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகம். பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவில்தான் கலக்கும், குழந்தையைப் பாதிக்காது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் இபுபுரூஃபன் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்தபடியே நடப்பதும், சரியாக உட்கார முடியாமல் பால் கொடுப்பதும்தான் உடம்பைக் கெடுக்கும்.

இனி அந்த ‘வலி தெரியாம’ பேச்சு. இதை உங்கள் மாமியார் வீட்டாரும் படிக்க வேண்டும் என்று விரும்பியே எழுதுகிறேன். தோல், அதன் கீழ் கொழுப்பு, தசைகளைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறை, தசைகளை இருபக்கமும் விலக்கிய பிறகு வயிற்றின் உள்சவ்வு, கடைசியாகக் கருப்பை என்று அடுக்கடுக்காகத் திறந்துதான் குழந்தையை எடுக்கிறார்கள். வெளித்தோல் பத்து நாளில் கூடிவிடும். பார்க்க வருபவர்கள் கண்ணில் படுவது அந்தக் கோடு மட்டும்தான். உள்ளே இருக்கும் உறை பழைய பலத்துக்கு வர மாதங்கள் பிடிக்கும். குடல்வால் ஆபரேஷன் செய்த ஓர் ஆண்பிள்ளையை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி, ஒரு பச்சைக் குழந்தையைக் கையில் கொடுத்துப் பார்த்துக்கொள் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. நீங்களோ ஒரு நாள் முழுக்கப் பிரசவ வலியையும் அனுபவித்து, அதற்கு மேல் ஆபரேஷனையும் தாங்கியிருக்கிறீர்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் இன்னும் அதிகம். இது தேவைக்கு மேற்பட்ட எண்ணிக்கை என்பதே என் கருத்து. அந்தக் கேள்வியை மருத்துவமனைகளிடமும் எங்களைப் போன்ற டாக்டர்களிடமும் கேளுங்கள். கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணிடம் கேட்கக் கூடாது. துடிப்பு குறைந்த குழந்தையை உயிரோடு எடுத்திருக்கிறார்கள். இதில் தோற்க என்ன இருக்கிறது?

முதுகு ஊசிக்கு வருவோம். மயிரிழை போன்ற மெல்லிய ஊசி அது. தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழே போடுகிறார்கள். போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். வாழ்நாள் முழுக்க இடுப்புவலி தராது. ஊசி போட்ட முதல் சில நாட்களில், எழுந்து உட்கார்ந்தால் தாங்க முடியாமல் வலித்து, படுத்தால் குறையும் ஒரு தலைவலி சிலருக்கு வரும். அதற்கு வைத்தியம் உண்டு. உங்கள் இடுப்புவலிக்குக் காரணம் வேறு. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு இணைப்புகள் இன்னும் இறுகவில்லை, வயிற்றுத் தசைக்குப் பலம் திரும்பவில்லை, பால் கொடுக்கும்போது கூன் போட்டு உட்காருகிறீர்கள். குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள், மார்பைக் குழந்தையிடம் குனிக்காதீர்கள். மடியில் இரண்டு தலையணை, முதுகுக்குச் சுவர். இரவில் ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம், தையலில் குழந்தையின் கால் படாது. ஆனால் பால் கொடுத்துக்கொண்டே தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருங்கள். வீட்டுக்குள் தினமும் நடங்கள். ஆறு வாரம் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம், தண்ணீர்க் குடம் வேண்டவே வேண்டாம்.

தையலுக்கு மேலே மரத்திருப்பது, அங்கே ஓடும் சிறு நரம்புகள் அறுபட்டதால். மெதுவாகத் திரும்பும், மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு சிறு இடம் அப்படியே நின்றுவிடும், அதனால் கெடுதல் இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை மட்டும். நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை இடுப்பிலும் வயிற்றிலும் அடித்து ஊற்றுவார்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். இளஞ்சூடான தண்ணீர் போதும். குளித்ததும் தையலை ஒற்றி ஈரமில்லாமல் உலர விடுங்கள், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

வயிற்றைத் துணியால் கட்டுவது நடக்கும்போது பிடிமானமாக இருந்தால் லேசாகக் கட்டிக்கொள்ளலாம். மூச்சு முட்டக் கட்டினால் வயிறு சுருங்கிவிடாது. கருப்பை தானே ஆறு வாரத்தில் பழைய அளவுக்குச் சுருங்கும்; தசைக்கு உடற்பயிற்சிதான், அதுவும் ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகு.

அழுகையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பதே. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது மிக சகஜம், தானே சரியாகும். உங்களுக்கு 24 நாள் ஆகிவிட்டது. இன்னும் தொடர்கிறது என்றால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று பார்த்துவிட வேண்டும். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லையா? குழந்தை மீது ஒட்டுதல் இல்லாதது போல இருக்கிறதா? எதிலும் பிடிப்பில்லையா? டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடும் மாத்திரைகள் இருக்கின்றன. 14416 என்ற அரசின் இலவச மனநல ஆலோசனை எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்காதீர்கள், அம்மாவை உடனே எழுப்புங்கள்.

வேறு சில அறிகுறிகளுக்கும் நாள் பார்க்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் (பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆனதால் உங்களுக்குத் தொற்று வாய்ப்பு சற்று அதிகம்), தையல் சிவந்து வீங்குவது அல்லது கசிவது, உதிரப்போக்கில் நாற்றம், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, கண் மங்கலோடு கடுமையான தலைவலி. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். ரத்த அளவு, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். கருத்தடை பற்றி அன்றே பேசி முடியுங்கள். மாதவிலக்கு வராத நிலையிலும் கரு நிற்கும். காப்பர் டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். கருப்பைத் தழும்பு பலப்பட, அடுத்த கருத்தரிப்புக்கு இரண்டு வருட இடைவெளி வேண்டும். குழந்தையின் துடிப்பு குறைந்தது இந்தப் பிரசவத்தோடு முடிந்த காரணம், அடுத்ததில் திரும்பி வந்தே தீரும் என்பதில்லை. அதனால் அடுத்த முறை இயல்பாகப் பெற முயலும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு, அவசர ஆபரேஷனுக்கு வசதியுள்ள ஆஸ்பத்திரியாக மட்டும் இருக்க வேண்டும். அந்த டாக்டர் முதலில் கேட்பது, கருப்பையைக் குறுக்காக வெட்டினார்களா நெடுக்காக வெட்டினார்களா, எதற்காக வெட்டினார்கள் என்பதைத்தான். இரண்டும் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். இல்லையென்றால் ஆறாவது வாரம் போகும்போது எழுதி வாங்கிக்கொண்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.