ஜெர்மன் கம்பெனியோட சேர்ந்து மோட்டார் டெவலப் பண்ணணும், ஃபண்ட் எப்படி வாங்கறது?

கோயமுத்தூர் கணபதில இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காருங்க. சின்ன பம்ப் யூனிட், இருபது பேருக்கு மேல வேலை செய்யறாங்க, போர்வெல் சப்மெர்சிபிள்தான் மெயின். சோலார் பம்புக்கு காந்தம் வச்ச மோட்டார் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, 2025 ஏப்ரல்ல டிஸ்ப்ரோசியம், டெர்பியம்ங்கற அரிய மண் உலோகங்கள் கலந்த காந்தத்துக்கெல்லாம் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதுக்கப்புறம் சரக்கு எப்ப வரும்னே சொல்ல முடியல. அதனால காந்தமே இல்லாத சிங்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டார் பக்கம் போகலாம்னு பாக்கறாங்க. ஒரு கண்காட்சில பாத்த ஜெர்மன் டிரைவ் கம்பெனி (டிரைவ்னா மோட்டாருக்குப் போற கரண்ட்ட கட்டுப்படுத்தற எலக்ட்ரானிக் பெட்டி) சேர்ந்து பண்ணலாம்னு சொல்லியிருக்கு. இதுக்கு நடுவுல ஒரு கன்சல்டன்ட் வந்து, ஃபாரின் ஃபண்ட் ஒரு கோடி கியாரண்டியா வாங்கித் தர்றேன், முதல்ல ரெண்டு லட்சம் கட்டுங்கன்னு கேக்கறாராம். கட்டலாமான்னு கேக்கறாரு.

கட்டாதீங்க சார். கியாரண்டின்னு சொல்றவங்க யாரா இருந்தாலும் சரி. இந்த மாதிரி கூட்டு ஆராய்ச்சித் திட்டத்துல ரெண்டு நாட்டு நிபுணர்களும் அவங்கவங்க பக்கம் மார்க் போடுவாங்க, ரெண்டு பக்கமும் சரின்னு சொன்னாத்தான் புராஜெக்டே, ஒரு பக்கம் வேண்டாம்னா அதோட முடிஞ்சது. இதுக்கு யார் கியாரண்டி குடுக்க முடியும்? விண்ணப்பம் எழுத உதவி வேணும்னா எழுதற வேலைக்கு மட்டும் கூலி பேசிக்கங்க.

அடுத்தது, "ஃபாரின் ஃபண்ட்"ங்கற வார்த்தையே நிறைய பேர தப்பான பக்கம் கொண்டு போயிடுது. வெளிநாட்டுல இருந்து உங்க அக்கவுண்டுக்கு யூரோ வந்து விழப்போறதில்லைங்க. உங்க செலவுக்கு நம்ம அரசாங்கம் ரூபாயில குடுக்கும், ஜெர்மன்காரங்களுக்கு அவங்க அரசாங்கம் குடுக்கும், வேலை மட்டும்தான் சேர்ந்து பண்றது. இஸ்ரேலோட சேர்ந்து 2017ல ஆரம்பிச்ச ஐ4எஃப் ஃபண்டும் இப்படித்தான், ஆளுக்கு 2 கோடி டாலர்னு 5 வருஷத்துக்கு ஒதுக்கினாங்க, ரெண்டு நாட்டுக் கம்பெனியும் ஜோடியா விண்ணப்பிக்கணும், செலவுல 50 சதவீதம் வரைக்கும் அவங்கவங்க பக்கத்துல இருந்து வரும். இந்தியப் பக்கம் அத பாத்துக்கறது ஜிஐடிஏ, மத்திய அரசோட டெக்னாலஜி டெவலப்மென்ட் போர்டும் தொழிலதிபர்கள் கூட்டமைப்பான சிஐஐயும் சேர்ந்து ஆரம்பிச்ச அமைப்பு. ஐரோப்பிய யூனியனோட ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப் பெரிய கடல், 2021ல இருந்து 2027 வரைக்கும் 9,550 கோடி யூரோ, ஆனா இந்தியக் கம்பெனி உள்ள சேரலாமே ஒழிய பணம் தானா கிடைக்காது. உங்க அளவுக்கு இப்ப அது வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்தறது இந்தோ ஜெர்மன் சயின்ஸ் டெக்னாலஜி சென்டர், ஐஜிஎஸ்டிசி, குர்கான்ல இருக்கு, நம்ம அறிவியல் தொழில்நுட்பத் துறையும் (டிஎஸ்டி) ஜெர்மன் ஆராய்ச்சி அமைச்சகமும் சேர்ந்து நடத்தறாங்க. அதுல 2+2ன்னு ஒரு முறை இருக்கு, ஒவ்வொரு நாட்டுல இருந்தும் ஒரு கம்பெனி, ஒரு கல்லூரியோ ஆராய்ச்சி நிறுவனமோ. அப்ப நீங்களும் அந்த டிரைவ் கம்பெனியும் மட்டும் போதாது, நாலு பேர் வேணும். இந்தப் பக்கம் பிஎஸ்ஜி டெக், ஐஐடி மெட்ராஸ் மாதிரி மோட்டார் டிசைன் தெரிஞ்ச ஒரு டிபார்ட்மென்ட், அந்தப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியோ ஃப்ரான்ஹோஃபர்ங்கற ஆராய்ச்சி அமைப்போட ஒரு இன்ஸ்டிடியூட்டோ. விண்ணப்பம் கேட்டு அவங்க விடற ஒவ்வொரு அழைப்புலயும் தலைப்பு மாறும், அதனால அழைப்பு திறக்கற அன்னைக்கு ஆள் தேட ஆரம்பிச்சா நேரமே பத்தாது. அந்த ஜெர்மன் கம்பெனி சின்னதுன்னா இசட்ஐஎம்னு அவங்க நாட்டுல சிறு தொழிலுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு, வெளிநாட்டுக் கூட்டாளியோட பண்ற புராஜெக்டுக்கும் அதுல காசு உண்டு, அவங்க செலவுக்கு மட்டும். அத பத்தி அவங்ககிட்டயே கேளுங்க.

இப்ப காசு விஷயத்த நேரா பேசிடுவோம். உங்க பங்கு வேலை 80 லட்சம்னு வச்சுக்கங்க, அதுல பாதி கிராண்ட்டா வந்தாலும் மீதி 40 லட்சம் உங்க கைல இருந்துதான். கிராண்ட்டும் மொத்தமா வராது, தவணை தவணையா, ரிப்போர்ட்டும் குடுத்த பணத்த எதுக்கு செலவு பண்ணீங்கன்னு ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட யூடிலைசேஷன் சர்ட்டிஃபிகேட்டும் போனதுக்கப்புறம்தான் அடுத்தது. சீசன்ல காப்பர் வாங்கவே ஓவர்டிராஃப்ட்ட நம்பி இருக்கற யூனிட்ல இது மூச்சு முட்ட வைக்கும். அந்த 40 லட்சத்த எங்க இருந்து, எந்தெந்த மாசம் எடுப்பீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. எழுத முடியலன்னா இந்த வருஷம் போகாதீங்க, அதுல எந்த அவமானமும் இல்ல.

ஆனா உங்க கேள்வி நல்ல கேள்வி சார், அத மனசார சொல்றேன். ரிலக்டன்ஸ் மோட்டார்ல ரோட்டர்ங்கறது, அதாவது உள்ள சுத்தற பாகம், வெறும் ஸ்டாம்பிங்தான், காந்தமும் இல்ல, காப்பர் பாரும் இல்ல, லேமினேஷன்ல, அதாவது அடுக்கற மெல்லிசு தகட்டுல, வளைவு வளைவா வெட்டின இடைவெளிதான் வேலை செய்யுது. டிரைவ் இல்லாம ஓடாதுங்கறது அதோட குறை, சோலார் பம்புக்கு எப்படியும் கன்ட்ரோலர் இருக்கறதால அது உங்களுக்கு குறையே இல்ல. கஷ்டம் வேற இடத்துல இருக்கு. போர்வெல் மோட்டார் ஒடிசலா நீளமா இருக்கும், ரோட்டர் விட்டம் சின்னது, அந்த இடைவெளிகள புடிச்சு நிக்கற மெல்லிசு பாலத்த ஒரு அளவுக்குக் கீழ குறைக்க முடியாது, குறைச்சா பஞ்ச் பண்றப்பவே கிழியும், தடிமனா விட்டா காந்தப்புலம் அது வழியா ஒழுகி டார்க், அதாவது சுத்தற விசை, போயிடும். அதுவும் தண்ணி நிரப்பின மோட்டார்னா அந்த இடைவெளிக்குள்ள தண்ணி போகும், துரு புடிக்கும், எதாவது போட்டு அடைக்கணும். 4 இஞ்ச் போர்வெல்லுக்குள்ள இத எப்படி அடக்கறது, இதுதான் ரெண்டு நாட்டு லேபும் சேர்ந்து உக்கார வேண்டிய கேள்வி. "எனர்ஜி எஃபிஷியன்ட் பம்ப் டெவலப்மென்ட்"னு விண்ணப்பத்துல எழுதினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, இந்த பாலத்தோட தடிமன்ல இருந்து ஆரம்பிச்சு எழுதினீங்கன்னா படிக்கற நிபுணர் நிமிந்து உக்காருவாரு.

அதுக்கு முன்னாடி லேமினேஷன் பஞ்ச் பண்ற அச்சு (டை) செஞ்சுடாதீங்க. வயர் கட் மெஷின்ல லேமினேஷன் வெட்டி ஒரே ஒரு ரோட்டர் அடுக்கி, உங்க பழைய ஸ்டேட்டர்லயே (சுத்தாத வெளிப் பாகம்) போட்டு ஓட்டிப் பாத்து, ஊர்லயே சிட்டார்க்னு டெஸ்டிங் சென்டர் இருக்கு, அங்க டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கிடுங்க. ரிசல்ட் சுமாரா இருந்தாலும் பரவால்ல, எங்க உதைக்குதுன்னு நம்பரோட காட்டறவங்கள நம்புவாங்க. இந்த முதல் கட்டத்துக்கு வெளிநாடே வேண்டாம், எம்எஸ்எம்இ இன்னொவேட்டிவ் திட்டத்துல ஒரு ஐடியாவுக்கு 15 லட்சம் வரைக்கும் இன்குபேஷன் உதவி இருக்கு, பக்கத்துல இருக்கற கல்லூரி மூலமா போகலாம்.

கடைசியா ஒண்ணு, இதுல மட்டும் அவசரப்படுங்க. ரோட்டர் டிராயிங்க ஜெர்மனிக்கு மெயில் பண்ணிட்டீங்களா? இல்லன்னா நிறுத்தி வைங்க. முதல்ல இங்க ஒரு புரொவிஷனல் பேட்டன்ட், அதாவது தேதியப் புடிச்சு வைக்கற முதல் கட்ட விண்ணப்பம், போடுங்க, சிறு தொழில் பதிவான உத்யம் சர்ட்டிஃபிகேட் இருந்தா சிறு நிறுவனக் கட்டணம்தான், ஆன்லைன்ல 1,600 ரூபாய், எழுதித் தர்ற ஏஜென்ட் ஃபீஸ் தனி. போட்ட தேதில இருந்து 12 மாசத்துக்குள்ள முழு விண்ணப்பம் போடணும், வெளிநாட்டுல போடறதா இருந்தாலும் அதே 12 மாசத்துக்குள்ள போட்டாத்தான் இந்தத் தேதி செல்லுபடியாகும். இங்க இருக்கறவங்க கண்டுபுடிச்சத நேரா வெளிநாட்டுல ஃபைல் பண்ண சட்டம் விடாது, பேட்டன்ட் சட்டம் 39வது பிரிவு, முன் அனுமதி வாங்கணும், இல்ல இங்க போட்டு 6 வாரம் கழியணும். அப்புறம் ரகசியத்த வெளில சொல்லக் கூடாதுங்கற ஒப்பந்தம் (என்டிஏ) போட்டுட்டு டிராயிங் அனுப்புங்க. நாலு பேருக்கும் நடுவுல போடற ஒப்பந்தத்துல ஒவ்வொருத்தரும் முன்னாடியே கொண்டு வந்தது எது, புராஜெக்ட்ல புதுசா வந்தது யாருக்கு, எந்த நாட்டுல யார் விக்கலாம்னு வரி வரியா எழுதச் சொல்லுங்க. இந்தியா, ஆப்பிரிக்கா மார்க்கெட்ட நீங்க விட்டுக் குடுக்கவே கூடாது, ஒப்பந்தத்துல அந்த வரி இல்லாம கையெழுத்துப் போடாதீங்க.