தீவைப்பு வழக்குகள்: எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் குடிசை, வைக்கோல் போர், வண்டி ஆகியவை வேண்டுமென்றே கொளுத்தப்பட்ட சம்பவங்களைப் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். பத்து வருடக் கணக்கு தேவை. தீயணைப்புத் துறை தரும் எண், போலீஸ் எண், செய்தித்தாள்களிலிருந்து நானே எடுத்த எண் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. நம்பகமான புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்?

பதில்: மூன்றும் ஒட்டாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒட்டியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தீயணைப்புத் துறை எண்ணுவது தங்களுக்கு வந்த அழைப்புகளை. போலீஸ் எண்ணுவது பதிவான வழக்குகளை. செய்தித்தாளில் வருவது அந்த ஊர் நிருபருக்கு எட்டியதும் அன்றைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததும். மூன்றும் வேறு வேறு பொருள்கள். அதனால் எங்கே கிடைக்கும் என்பதற்கு முன்னால், நீங்கள் எதை எண்ணப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள்: வழக்கையா, எரிந்த வீட்டையா, பாதிக்கப்பட்ட குடும்பத்தையா?

வழக்குதான் என்றால் தொடங்க வேண்டிய இடம் தேசிய குற்ற ஆவணக் காப்பகம். உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1986இல் அமைந்த நிறுவனம் இது. இது வெளியிடும் 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கை அதைவிடப் பழையது. 1953ஆம் ஆண்டிலிருந்தே தொடர்ந்து வருகிறது. இதன் அட்டவணைகளில் தீவைப்புக்குத் தனி வரி உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 435, 436, 438 பிரிவுகள் அந்த வரியில் சேரும். 435 என்பது தீயோ வெடிபொருளோ கொண்டு சொத்தைச் சேதப்படுத்துவது, ஏழு ஆண்டு வரை தண்டனை. 436 வீடு, வழிபாட்டிடம், பொருள் வைக்கும் கட்டடம் ஆகியவற்றைத் தீயிட்டு அழிப்பது, ஆயுள் வரை போகும். 438 கப்பல், படகு சம்பந்தப்பட்டது. விழுப்புரத்துக்கு அநேகமாகத் தேவைப்படாது.

மாநில அளவிலான எண்கள் அறிக்கையின் தொகுதிகளிலேயே இருக்கும். மாவட்ட வாரியான எண்களைக் காப்பகத்தின் இணையதளத்தில் கூடுதல் அட்டவணைகளாகத் தேட வேண்டும். பழைய ஆண்டுகளுக்கு மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலும் கிடைக்கும். அங்கே எக்ஸெல்லில் நேராகத் திறக்கும்படி இருப்பதால் பிடிஎஃப்பிலிருந்து தட்டச்சு செய்யும் வேலை மிச்சம்.

சரி, எண் கையில் கிடைத்துவிட்டது. இனிதான் கவனம் தேவை. காப்பகம் 'முதன்மைக் குற்றம்' என்றொரு விதியைப் பின்பற்றுகிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல பிரிவுகள் இருந்தால், எது மிகக் கடுமையான குற்றமோ அதன் கணக்கில் மட்டும்தான் வழக்கு சேரும். வீட்டைக் கொளுத்தினார்கள், உள்ளே இருந்தவர் இறந்துபோனார் என்றால் அது கொலை வரிக்குப் போய்விடும். தீவைப்பு வரியில் அதன் தடமே இருக்காது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 2000 பிப்ரவரியில் தர்மபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் யாரும் மறக்காத இந்த இரண்டு தீவைப்புகளையும் இன்றைய விதிப்படி அட்டவணையில் ஏற்றினால், தீவைப்பு வரியில் இரண்டுமே தெரியாது. ஆக, நீங்கள் பார்க்கும் எண் பெரும்பாலும் உயிர்ச்சேதம் இல்லாத தீவைப்புகளின் எண். இந்த ஒரு வாக்கியத்தை ஆய்வேட்டில் அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். வழிகாட்டியோ தேர்வாளரோ கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில்.

அமெரிக்காவிலும் இதே மாதிரி படிநிலை விதி நெடுங்காலம் இருந்தது. ஆனால் எஃப்.பி.ஐ. தீவைப்புக்கு மட்டும் அதில் விலக்கு கொடுத்திருந்தது. கொலையோடு சேர்ந்து நடந்தாலும் தீவைப்பைத் தனியாகவும் எண்ண வேண்டும் என்பது அங்கே விதி. நம் ஊரிலும் அப்படிச் செய்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். வெளிநாட்டு எண்ணோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதும் எண்ணம் இருந்தால், இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எழுத வேண்டாம்.

அடுத்த சிக்கல் பேருந்தும் வண்டியும். அரசுப் பேருந்தைக் கொளுத்தினால் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புக்கான 1984ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் வரும். இங்கே பெரும்பாலும் 1992ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தையும் சேர்ப்பார்கள். அதில் தனியார் சொத்தும் அடங்கும். இவை சிறப்புச் சட்டங்கள் என்பதால் அறிக்கையில் வேறு அட்டவணையில் இருக்கும். 435ஐவிடச் சிறப்புச் சட்டத்தில் தண்டனை அதிகம் என்றால் வழக்கு அந்தப் பக்கம் போய்விட வாய்ப்பு உண்டு. வண்டி எரிப்பும் உங்கள் ஆய்வில் இருப்பதால் இந்த அட்டவணைகளையும் புரட்டியே ஆக வேண்டும். ஆனால் அங்கே கல்வீச்சும் கண்ணாடி உடைப்பும் கலந்திருக்கும். தீயை மட்டும் பிரித்தெடுக்க முடியாது.

குடிசை எரிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். விழுப்புரம் என்பதால் சாதி மோதலும் உங்கள் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதே அறிக்கையில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான குற்றங்களுக்குத் தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. தீவைப்பு அங்கேயும் தனியாகக் காட்டப்படுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவானவை இவை. இதைப் பொது வரியோடு கூட்டிவிடாதீர்கள், ஒரே வழக்கை இரண்டு முறை எண்ணும் ஆபத்து இருக்கிறது. தனி நெடுவரிசையாகப் பக்கத்தில் வையுங்கள்.

வழக்கு வேறு, வீடு வேறு என்பதற்கு 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் நடந்ததைப் பாருங்கள். 250க்கு மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, பல எரிக்கப்பட்டன. ஒரு தெரு முழுக்க எரிந்தாலும் ஒரே எஃப்.ஐ.ஆர். போட்டால் அட்டவணையில் அது ஒன்றுதான். இதற்கு நேர்மாறாக மணிப்பூரைப் பாருங்கள். 2022இல் அங்கே பதிவான தீவைப்பு வழக்குகள் ஐம்பதைக்கூடத் தாண்டவில்லை. 2023இல் ஆறாயிரத்துக்கும் மேல். கலவரம் அவ்வளவு பெரியது என்பது உண்மை. அதோடு, முகாம்களுக்குத் தப்பிப்போனவர்கள் அங்கங்கே ஜீரோ எஃப்.ஐ.ஆர். (சம்பவம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்திருந்தாலும் பதியும் வழக்கு) கொடுத்ததும் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கிறது. அந்த ஆண்டு நாடு முழுவதற்குமான எண் எகிறியதற்குப் பெரிய காரணம் ஒரே ஒரு மாநிலம். அகில இந்தியச் சராசரியோடு விழுப்புரத்தை ஒப்பிட்டு வரைபடம் போட நினைத்தால் 2023ஐ எப்படிக் கையாள்வது என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

குற்றம் கூடுவதும் வழக்குப் பதிவு கூடுவதும் இரண்டு வேறு விஷயங்கள் என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு உள்ளூர் முகம் உண்டு: சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டுமான ஒப்புகை. புகார் கொடுக்கப் போனவருக்கு எஃப்.ஐ.ஆருக்குப் பதில் அந்த ரசீதைக் கொடுத்து அனுப்பி, பிறகு பேசி முடித்துவிட்டால், எந்தத் தேசிய அறிக்கையிலும் அது ஏறாது. வைக்கோல் போர் எரிந்த புகார்கள் இப்படி நிற்பதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. காப்பீடு உள்ள வண்டி எரிந்தால் கதை வேறு. இழப்பீடு வாங்க எஃப்.ஐ.ஆர். நகல் கேட்பார்கள், அதனால் உரிமையாளர் விடமாட்டார். குடிசைக்காரருக்கு அந்த நெருக்கடி கிடையாது. எனவே அட்டவணையில் குடிசைகளும் வைக்கோல் போர்களும் நிஜத்தைவிடக் குறைவாகத் தெரியும் என்பது என் கணிப்பு.

இப்போது மாவட்டம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. 2018 வரைக்குமான விழுப்புர எண்ணில் கள்ளக்குறிச்சியும் இருக்கிறது. 2020 முதல் இல்லை. இதைக் கவனிக்காமல் கோடு இழுத்தால், தீவைப்பு திடீரெனக் குறைந்துவிட்டது என்று பெருமையாக எழுதிவிடுவீர்கள். 2020 முதல் இரண்டு மாவட்டங்களையும் கூட்டி ஒரே அலகாக வையுங்கள். சென்னைப் பக்கம் ஒப்பிடுவதாக இருந்தால் தொல்லை இன்னும் அதிகம். ஆவடி, தாம்பரம் காவல் ஆணையரகங்கள் 2022 ஜனவரியில் வந்ததால் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் எல்லைகள் எல்லாம் கலைந்துவிட்டன. ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்ற குற்ற விகிதத்தையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். அது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்ட மக்கள்தொகையால் வகுத்தது.

சட்டமும் நடுவில் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. பழைய 435 இருந்த இடத்தில் இப்போது 326(எஃப்), 436 இருந்த இடத்தில் 326(ஜி). பழைய 435இல் நூறு ரூபாய்க்கு மேல் சேதம், விளைபொருள் என்றால் பத்து ரூபாய் என்று ஒரு வரம்பு இருந்தது. புதிய சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. நூறு ரூபாய் இன்றைக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதால் எண்ணிக்கை இதனால் பெரிதாக மாறாது. ஆனால் 2024க்கு முதல் ஆறு மாதம் ஒரு பிரிவு, அடுத்த ஆறு மாதம் வேறு பிரிவு என்று இரண்டையும் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும். அறிக்கையும் தாமதமாகத்தான் வரும்: 2023ஆம் ஆண்டு அறிக்கை 2025 செப்டம்பர் கடைசியில்தான் வெளியானது. 2014 முதல் 2023 வரை என்று எடுத்துக்கொண்டால் பத்து வருடமும் ஒரே சட்டத்தின் கீழ் அடங்கிவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

தீயணைப்புத் துறையின் எண்கள் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் இருக்கும். அழைப்புகள், காப்பாற்றிய சொத்து, இழந்த சொத்து என்று வரும். யார் வைத்தது என்பதைத் தீர்மானிப்பது அவர்கள் வேலை இல்லை. காப்பகத்தின் இன்னொரு அறிக்கையான 'இந்தியாவில் விபத்து மரணங்களும் தற்கொலைகளும்' தீ விபத்தில் இறந்தவர்களைச் சொல்லும். சிலிண்டர், மின்கசிவு போன்ற காரணங்களும் இருக்கும். அதுவும் விபத்துக் கணக்குத்தான். இரண்டையும் பின்னணிக்குப் பயன்படுத்தலாம், தீவைப்பு எண்ணாகக் காட்டக் கூடாது. பிரிட்டனில் தீயணைப்புப் படைகள் 'வேண்டுமென்றே வைத்த தீ' என்று தனியாகவே பதிவு செய்கின்றன. அங்கேயும் அதுவும் போலீஸின் தீவைப்பு எண்ணும் ஒன்றல்ல என்று அரசே குறிப்பு போடுகிறது. பெண்கள் மீது மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த வழக்குகளைத் தேடி இந்த வரிகளுக்குள் வராதீர்கள். தீவைப்பு என்பது சொத்து சம்பந்தப்பட்ட குற்றம். அவை கொலை, வரதட்சணை மரணம் என்று வேறு இடங்களில் இருக்கும்.

உங்கள் ஆய்வுக்கு உண்மையிலேயே உயிர் கொடுக்கப்போவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுதான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் வர வேண்டும். எண்ணிக்கையைத் தொகுக்கும் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம் அவர்களிடம்தான் இருக்கிறது. 'தீவைப்பு வழக்குகள் எத்தனை' என்று கேட்டால் தேசிய அறிக்கைக்கு அனுப்பிய அதே எண்ணையே திருப்பித் தருவார்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்திய தண்டனைச் சட்டம் 435 அல்லது 436ஆம் பிரிவு, மற்ற எந்தப் பிரிவோடு சேர்த்தோ தனியாகவோ, பயன்படுத்தப்பட்ட எல்லா வழக்குகளின் எண்ணிக்கை, காவல் நிலையம் வாரியாக, குற்ற எண்ணுடன்." 'மற்ற எந்தப் பிரிவோடு சேர்த்தோ' என்பதுதான் முக்கியம். கொலை வரிக்குள் போய்விட்ட தீவைப்புகளும் இதில் வெளியே வரும்.

ஒரே மனுவில் பத்து வருடமும் கேட்காதீர்கள். திரட்டுவதற்கு அளவுக்கு மீறி ஆள் தேவைப்படும் என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும். மூன்று வருடம் போதும், அடுத்ததற்கு அடுத்த மனு. பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்ட நிலையங்களுக்குத் தனி மனு அங்கே போட வேண்டும்.

குற்ற எண் கிடைத்துவிட்டால் எஃப்.ஐ.ஆரையே படிக்கலாம். வெளியிடுவது சரியல்லாத நுட்பமான வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் அவற்றைப் பார்க்கலாம். எரிந்தது குடிசையா, வைக்கோல் போரா, வண்டியா என்பது அங்கேதான் தெரியும். எந்த அட்டவணையும் அதைச் சொல்லாது. நீங்கள் சேர்த்த செய்தித்தாள் துணுக்குகளை இந்தக் கட்டத்தில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குற்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் கிடைக்காத துணுக்குகளைத் தூக்கிப் போடாமல் தனிப் பட்டியலாக வையுங்கள். வழக்காகாமல் போனவை எவை என்று தேடிப் போக உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அதுதான். அந்த ஊர்களுக்கு நேரில் போய் விசாரிக்கும்போது சி.எஸ்.ஆர். ரசீது இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள்.