தலைக்குக் குளித்த மறுநாளே பிசுபிசுப்பா?

கேள்வி: எனக்கு வயது 26. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். இடுப்பு வரை முடி. புதன், ஞாயிறு இரண்டு நாளும் காலையில் தலைக்குக் குளிப்பேன். முந்தின இரவே தேங்காய் எண்ணெய் வைத்துவிடுவேன். குளித்த மறுநாள் மதியத்துக்குள் நெற்றியோரம் முடி ஒட்டிக்கொள்கிறது. சாயங்காலம் வாடை வேறு. அடிக்கடி குளித்தால் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரக்கும், முடியும் கொட்டிவிடும் என்கிறார் அம்மா. பார்லரில் 'டீடாக்ஸ்' செய்துகொள்ளச் சொல்கிறார்கள். வீட்டில் உப்புச் சுவையுள்ள போர் தண்ணீர்தான். நான் என்ன செய்வது?

தோல் மருத்துவரின் பதில்: அம்மா சொன்னதை முதலில் பார்த்துவிடலாம். அவர் மட்டுமல்ல, என்னிடம் வரும் பாதிப் பேர் இதையே சொல்லிக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.

ஒவ்வொரு முடியின் வேர்க்காலை ஒட்டியும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதை முடுக்குபவை ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்கள். பெண்கள் உடம்பிலும் இவை உண்டு. பருவ வயதில் முகமும் தலையும் ஒன்றாக எண்ணெய் வடியத் தொடங்குவது இதனால்தான். யாருக்கு எவ்வளவு சுரக்கும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு. நீங்கள் நேற்றுத் தலைக்குக் குளித்தீர்களா என்பது அந்தச் சுரப்பிக்குத் தெரியாது. கழுவிவிட்டார்களே என்று அது கூடுதலாகச் சுரப்பதில்லை. முடி கொட்டுவதும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. மூன்று நாளாகப் பின்னலுக்குள் சிக்கிக் கிடந்ததெல்லாம் நாலாம் நாள் குளியலறையில் ஒரே உருண்டையாக வந்து நிற்கும்போது, பழி ஷாம்பு மேல் விழுகிறது.

ஊரும் இதில் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. தோலின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் எண்ணெய் வெளிவருவது ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். சூட்டில் அது இளகி, முடி வழியே சீக்கிரம் பரவும். மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று நமக்கு இதம்தான், ஆனால் அந்த ஈரப்பதத்தில் வியர்வை உலராமல் எண்ணெயோடு கலந்து தலையிலேயே நிற்கிறது. நெரிசலான பேருந்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் நின்றுகொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம். சுருட்டை முடிக்காரர்களைவிட நேரான முடி உள்ளவர்களுக்குப் பிசுக்கு சீக்கிரம் கண்ணில் படும். எண்ணெய் தடையில்லாமல் நுனி வரை வழுக்கிப் போய்விடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வெயிலோ பேருந்தோ இல்லை, இரவு வைக்கும் தேங்காய் எண்ணெய். சுரக்கும் எண்ணெய் ஒன்று, நீங்களே தடவும் எண்ணெய் இன்னொன்று. இரண்டும் கலந்து கிடப்பதால் எது எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் இரண்டு வாரம் தலையில் எண்ணெயே வைக்காமல் இருந்து பாருங்கள். அப்போதும் மதியத்துக்குள் பிசுபிசுத்தால் அது உங்கள் தலை சுரக்கும் எண்ணெய். பலருக்குப் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

வாடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மலாசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை எல்லோர் தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ள அதற்கு வழியில்லை. நம் தலை எண்ணெயை உடைத்துத் தின்றுதான் பிழைக்கிறது. தின்றதுபோக மிஞ்சும் ஒலியிக் அமிலம் சிலருடைய தோலை உறுத்தும். அரிப்பு, பொடுகு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதன் விளைவு. 'தலை வறண்டுபோய்ப் பொடுகு வந்திருக்கிறது, இன்னும் எண்ணெய் வையுங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அந்தப் பூஞ்சைக்கு வைக்கும் விருந்து. ஈரத்தலையை அப்படியே பின்னி, மேலே மல்லிகைச் சரமும் வைத்துப் பேருந்து ஏறுவது இன்னொரு காரணம். காலையில் உலர்த்த நேரமில்லை என்றால் முந்தின நாள் வேலை விட்டு வந்ததும் குளித்து, முழுக்கக் காய்ந்தபின் படுங்கள்.

தேங்காய் எண்ணெயே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அது முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. ஆகவே அது வேலை செய்யும் இடம் முடி, மண்டைத் தோல் இல்லை. இரண்டு வாரம் கழிந்தபின் காதுக்குக் கீழே தொங்கும் முடிக்கு மட்டும், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவுங்கள். இடுப்பு வரை உள்ள முடியின் நுனி பல வருடம் பழையது. அதற்கு எண்ணெய் தேவைதான்.

குளிக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஷாம்புவை உள்ளங்கையில் ஊற்றி, நீளமான முடியைத் துணி கசக்குவதுபோல் கசக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். எண்ணெய் இருப்பது வேரில், கழுவியது நுனியை. ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, வகிடு வகிடாகப் பிரித்து மண்டையில் ஊற்றுங்கள். நகம் படாமல் விரல் நுனியால் நெற்றியோரம், உச்சி, காதுக்குப் பின்புறம், பிடரி என்று ஒரு நிமிடமாவது தேய்க்கவேண்டும். அலசும்போது வழியும் நுரையே மீதி முடிக்குப் போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும்.

இன்னொன்று, சாஷே. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்கு முன்னோடி உங்கள் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் கடலூரில் சிறு முதலீட்டில் தொடங்கியதுதான் பிறகு கவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் ஒரு பாக்கெட்டில் இருப்பது சில மில்லிதான். இடுப்பளவு முடிக்கு, அதுவும் எண்ணெய் வைத்த தலைக்கு, ஒன்று எப்படிப் போதும்? எண்ணெய் வைத்த நாளில் இரண்டு. ஒன்றைப் போட்டு அலசிவிட்டு மற்றொன்று.

போர் தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது. கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, பக்கெட் ஓரத்தில் படிகிறதே அந்த வெள்ளைப் பிசுக்கு, அதையே முடியிலும் படிய வைக்கும். ஷாம்புவில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் கிடைத்தால் வித்தியாசம் தெரியும். சீயக்காயும் அரப்பும் தாராளமாகப் போடலாம். சீயக்காயில் நுரை தரும் பொருளான சாபோனினும் எண்ணெயை எடுக்கும். நன்றாகச் சலித்த பொடியாக இருக்கட்டும், துகள் தங்கினால் அரிக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? உங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். சித்திரை, வைகாசியில் தினமும் குளித்தாலும் தப்பில்லை. வெள்ளையாக உதிர்வதும் அரிப்பும் இருந்தால், பூஞ்சைக்கு எதிரான கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை, 4 வாரம் போடுங்கள். தலையில் 5 நிமிடம் ஊறவிட்டு அலசவேண்டும். உடனே அலசினால் காசு வடிகாலில்தான். சீப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை துவைக்காமல் இதையெல்லாம் செய்து பயனில்லை.

'டீடாக்ஸ்' செய்வதால் சுரப்பி மாறாது. சுகமாக இருக்கும், அவ்வளவே. பேக்கிங் சோடாவும் எலுமிச்சைச் சாறும் தோலைப் புண்ணாக்கும். முகத்துக்குப் போடும் பவுடரைத் தலையில் தூவி ஒப்பேற்றுவதும் வேண்டாம்.

எண்ணெய் வடிவதோடு மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது, தாடையில் பருக்கள், மேலுதட்டில் கறுப்பாக முடி, உச்சியில் வகிடு அகலமாவது என்று ஏதாவது இருந்தால் சினைப்பை நீர்க்கட்டியா என்று பார்க்கவேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டுங்கள். அந்த நிலையில் ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருப்பது வீண்.

எண்ணெய்க் குளியலை அடியோடு விட அம்மா சம்மதிக்கமாட்டார், தெரியும். அந்த இரண்டு வாரத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, வேலையில்லாத ஞாயிறு காலையில் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் அவர் கையாலேயே தேய்த்துவிடட்டும். ஒரு மணி நேரம் போதும். வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைத்து இரண்டு முறை தேய்த்து அலசி, மாடியில் காயவைத்துவிட்டு வாருங்கள். சனி இரவே வைத்து ஊறவிடுவதை மட்டும் நிறுத்தினால் போதும்.