முள்ளோடை தாண்டினால் வேறு கணக்கு

கேள்வி: பண்ருட்டியில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் பலாச்சுளை சிப்ஸ் போடுகிறேன். கடலூர், நெல்லிக்குப்பம் கடைகளில் நன்றாகப் போகிறது. புதுச்சேரி, சென்னை, பெங்களூரு மூன்றிலும் ஒரே நேரத்தில் இறங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் புதுச்சேரி மட்டும்.

பக்கத்து ஊர்தான். ஆனாலும் கடலூர்-புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் ஜிஎஸ்டியில் அது வெளிமாநில விற்பனை. உள்ளூரில் விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும்வரை பதிவு தேவையில்லை. எல்லை தாண்டி வரிக்குரிய சரக்கை விற்றால், தொகை எவ்வளவு சின்னதானாலும் பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறீர்களா? அதில் இருந்துகொண்டு வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. வழக்கமான பதிவுக்கு மாறிவிட்டு அப்புறம் சரக்கை ஏற்றுங்கள்.

அடுத்தது விலை. இப்போது நீங்களே கடைக்குக் கொண்டுபோய்ப் போடுகிறீர்கள். அங்கே நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வருவார். 50 ரூபாய் எம்ஆர்பி பாக்கெட்டில் கடைக்காரருக்கு 10, டிஸ்ட்ரிபியூட்டருக்கு 4 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 36. வரி, வண்டி வாடகை, தேதி முடிந்து திரும்பி வரும் பாக்கெட் எல்லாம் அதிலிருந்துதான். கடைசியில் கையில் 30 நின்றால் கட்டுப்படியாகுமா? ஆகாது என்றால் எடையையோ விலையையோ இப்போதே மாற்றுங்கள். ரேக்கில் ஏறிய பிறகு விலையைக் கூட்டினால் கடைக்காரரே உங்கள் பாக்கெட்டைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார்.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். சாதா பிளாஸ்டிக் கவரில் சிப்ஸ் நமுத்துவிடும், எண்ணெயும் காறிப்போகும். வெள்ளி போல மின்னும் மெட்டலைஸ்டு கவரில் நைட்ரஜன் நிரப்பி அடையுங்கள். உங்கள் சரக்கின் பெயரை, பதப்படுத்திய பழம், கொட்டை வகைகள் வரும் 29-ஆம் வகுப்பில் டிரேட்மார்க் பதிவுக்குக் கொடுத்துவிடுங்கள்; தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய்.

பலா சீசன் முடிந்ததும் என்ன செய்வீர்கள்? எனக்கு இதுதான் பெரிய கவலை. சில மாதம் சரக்கு தந்துவிட்டுக் காணாமல் போனால் அந்த இடத்தை வேறொருவர் பிடித்துவிடுவார். உங்கள் ஊர் முந்திரி இருக்கிறதே! மசாலா முந்திரியை அதே பெயரில் இறக்கி இடத்தைக் காப்பாற்றுங்கள்.

நேரு வீதியில் வார இறுதிக் கூட்டம் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து மயங்காதீர்கள். சுற்றுலா வந்தவர்கள் ஒருமுறை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கம் 20 மளிகைக் கடைகள் போதும். கடை வாரியாக ஒரு நோட்டுப் போட்டு, மறு ஆர்டரை மட்டும் எண்ணுங்கள். பாதிக் கடைகளாவது தாங்களே போன் செய்து சரக்கு கேட்கத் தொடங்கிய பிறகு சென்னைக்குப் போகலாம். பெங்களூருவைப் பற்றி அப்போது எழுதிக் கேளுங்கள்.