கொசு இருக்கிறது, நோய் மட்டும் ஏன் அடங்குகிறது? கேள்வி பதில்

கேள்வி: சிக்குன்குனியா ஒரு வருஷம் ஊரையே முடக்குகிறது. அப்புறம் பல வருஷம் காணோம். கொசு அப்படியேதானே இருக்கிறது?

பதில்: கொசு மட்டும் போதாது, வைரஸுக்குப் புது உடம்பு வேண்டும். ஒரு நோயாளியிடமிருந்து கொசு வழியாக நாலு பேருக்குத் தொற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலில் மூன்று பேருக்கு முன்பே வந்து போய் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தால் ஒருவருக்குத்தான் தொற்றும், பெருக வழியில்லை. ஆனால் கணக்கு எப்போதும் இவ்வளவு நேராக இருக்காது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 2005-06-ல் சுமார் மூன்றில் ஒருவருக்கு வந்தது. மீதிப் பேர் தப்பியிருந்தும் அலை ஓய்ந்ததற்குக் குளிர்காலமும் கொசு ஒழிப்பும் சேர்ந்து கைகொடுத்தன. 2025-ல் அங்கே திரும்பவும் பெரிதாகப் பரவியது. முதல் அலையில் தப்பியவர்களும் பிறகு பிறந்த பிள்ளைகளும் அதற்குள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டார்கள்.

கேள்வி: டெங்குவும் ஒருமுறை வந்தால் பாதுகாப்புதானே?

பதில்: இதை நம்பி ஏமாறாதீர்கள். டெங்கு வைரஸ் நாலு வகை. வந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்பு உண்டு, மற்ற மூன்றுக்கும் சில மாதங்கள்தான். அதன்பின் பழைய எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) புது வகையோடு அரைகுறையாக ஒட்டிக்கொள்ளும். அழிக்காது, அதைப் பிடித்துக்கொண்டே வைரஸ் செல்லுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். கியூபாவில் 1977-ல் முதல் வகை பரவியது. 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் குழந்தைகள். 1997-ல் அதே நாட்டின் சாண்டியாகோ நகரில் இரண்டாம் வகை மறுபடி வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பெரியவர்கள், அதாவது முதல் வகையை இருபது வருஷம் முன்பு பார்த்தவர்கள். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளின் உடம்பில் அந்தப் பழைய எதிர்ப்பொருள் இல்லை. தடுப்பூசியும் முதல் தொற்றைப் போலவே வேலை செய்துவிடலாம். இதே சிக்கலால்தான், முன்பு டெங்கு வராதவர்களுக்குத் தன் டெங்கு தடுப்பூசியைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2017-ல் தயாரிப்பு நிறுவனமே சொன்னது.

கேள்வி: கொசுவை ஒழித்தால் ஊர் மக்களின் எதிர்ப்புச் சக்தி குறையுமாமே. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். குறையும் என்பது உண்மைதான். சிங்கப்பூரில் பல பத்தாண்டுகளாகக் கொசுவைக் கட்டுப்படுத்தியதால் டெங்கு வராதவர்கள் பெருகினார்கள், இப்போது குறைந்த கொசுக்களே பரப்பப் போதும். அதற்காக நோயை வரவழைத்துச் சக்தி சேர்த்தால், அதன் விலை சில உயிர்கள். பிடியைத் தளர்த்தாமல் தொடர்வதே வழி.

கேள்வி: ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை. அது பன்றியிலும் நீர்ப்பறவையிலும் சுற்றும், மனிதரிடமிருந்து கொசுவுக்குத் திரும்பாது. பக்கத்து வீட்டார் எல்லாரும் தடுப்பூசி போட்டிருந்தாலும் உங்கள் குழந்தைக்கும் போடாவிட்டால் அதற்குப் பாதுகாப்பில்லை.

கேள்வி: ஜிகா எங்கே போனது?

பதில்: 2007-ல் பசிபிக் கடலின் யாப் தீவில் சில மாதங்களிலேயே நாலில் மூன்று பேருக்குத் தொற்றியது, பலருக்கு அறிகுறியே இல்லை. பிரேசிலிலும் 2015-16 அலையில் பலருக்குத் தொற்றி எதிர்ப்புச் சக்தி வந்ததால்தான் பின்பு அடங்கியது. ஆனால் அதன்பின் பிறந்த பெண் குழந்தைகள் இந்த வைரஸைப் பார்த்ததேயில்லை. கர்ப்பிணிக்குத் தொற்றினால் இது கருவின் மூளையைப் பாதிக்கக்கூடியது. அவர்கள் தாயாகும் வயதில் அது திரும்பினால், கருவிலிருக்கும் பிள்ளைகளின் நிலை என்ன என்பதே என் பெரிய கவலை.